முன்னால் என்ஜினா, பின்னால் என்ஜினா? கேரவன் கட்டப்போகும் தூத்துக்குடி வாசகருக்கு

கேள்வி: தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நானும் வீட்டுக்காரியும், லீவு கிடைக்கும்போது மகளும் மருமகனும் சேர்ந்து நாலு பேர் சுற்றிவர ஒரு கேரவன் கட்டிக்கொள்ள ஆசை. வேம்பார், தருவைக்குளம், காயல்பட்டினம், மணப்பாடு என்று முத்துக்குளித்துறைக் கரையோரம் அடிக்கடி போவோம். வருஷத்துக்கு ஒருமுறை ராமேஸ்வரம், குற்றாலம், முடிந்தால் கொடைக்கானல். மணப்பாட்டில் ஷூட்டிங்குக்கு வந்து நின்ற கேரவனைப் பார்த்ததில் வந்த ஆசை இது. மச்சான், ‘ஏலத்தில் பழைய பஸ் ஒன்றை எடுத்து மாற்றிவிடலாம்’ என்கிறார். லாரிப் பட்டறைக்காரரோ, புதிதாக ஒரு முன் என்ஜின் டீசல் சேசிஸ் வாங்கி கரூரில் பாடி கட்டச் சொல்கிறார். மருமகன், ‘பின் என்ஜின்தான் வேண்டும், அதில்தான் சத்தமே இருக்காது’ என்கிறார். என்னிடம் இருப்பது கார் லைசென்ஸ். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அண்ணாச்சி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டறைக்காரர் பேச்சைக் கேளுங்கள். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத, புத்தம்புது முன் என்ஜின் பஸ் சேசிஸ். அதுதான் உங்களுக்கு. ஆனால் என்ஜின் முன்னால் இருப்பதற்காக அதை நான் சொல்லவில்லை. எந்த ஆக்சிலில் எத்தனை கிலோ உட்காருகிறது, உங்கள் ஊர் உப்புக்காற்றில் அந்த இரும்பு எத்தனை வருஷம் தாங்கும், நடுவழியில் நின்றால் யார் வந்து பார்ப்பார் என்ற மூன்றையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

சினிமா கேரவனை அளவுகோலாக வைக்காதீர்கள்

ஷூட்டிங் கேரவன் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். கரண்டுக்கு ஜெனரேட்டர் வண்டி பக்கத்திலேயே நிற்கும். தண்ணீர் தீர்ந்தால் புரொடக்‌ஷன் ஆள் லாரி வரவழைப்பார். ஓட்டுவதற்குத் தனி டிரைவர். அதனால் உள்ளே கிரானைட் பதித்தாலும், பெரிய கட்டில் போட்டாலும், எடை பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. உங்கள் வண்டி அப்படியல்ல. தண்ணீர், கரண்டு, சமையல், படுக்கை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நாளெல்லாம் ஓட வேண்டும். ஓட்டப்போவதும் நீங்கள்தான்.

பழைய பஸ் ஏன் வேண்டாம்?

மச்சான் கணக்கில் பஸ்ஸின் விலை மட்டும்தான் இருக்கிறது. பதிவில் வரும் சிக்கலை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நாற்பது, ஐம்பது சீட் பஸ் என்று பதிவான வண்டிக்குள் கட்டிலும் கழிப்பறையும் வைத்துவிட்டு, பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனால் எதிர்வாதம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

நேர்வழி ஒன்று இருக்கிறது. கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தரவிதி உண்டு. அந்த விதிப்படி ஒப்புதல் வாங்கிய மாடலைக் கட்டித்தரும் பாடி பில்டரிடம் புது சேசிஸைக் கொடுத்துவிட்டால், வண்டி பிறக்கும்போதே கேரவனாகப் பதிவாகும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை மத்திய அரசின் 2004-ஆம் ஆண்டு பட்டியல் போக்குவரத்து வாகனம் அல்லாத வகையில் சேர்த்திருக்கிறது. நாளைக்கு வாடகைக்கு விட நினைத்தால் வகை மாறும், பெர்மிட்டும் எஃப்.சி.யும் கூடவே வரும். எது வேண்டும் என்பதை சேசிஸ் புக் செய்வதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

லைசென்ஸ் விஷயம். மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வண்டி ‘எல்.எம்.வி.’ வகை. அந்த லைசென்ஸ், அதாவது உங்கள் கார் லைசென்ஸ், வைத்திருப்பவர் இந்த எடைக்குள் வரும் போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. பழைய ரூட் பஸ்ஸின் மொத்த எடை அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். அதற்கு நீங்கள் ஹெவி லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

மருமகன் சொல்வதில் உண்மை உண்டு

பின் என்ஜின் வண்டி அமைதியாக ஓடும் என்பது நிஜம். 2001-இல் வால்வோ பி7ஆர் நம் சாலைக்கு வந்தபோது, ராத்திரிப் பயணம் என்றால் இப்படியும் இருக்குமா என்று ஜனங்கள் ஆச்சரியப்பட்டார்கள். டிரைவர் பக்கத்தில் சூடு கிடையாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் வண்டியின் நீளத்துக்கும் ஓடாததால், தரைக்கு அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே அறையாக லக்கேஜ் வைக்கலாம். அமெரிக்காவில் பெரிய மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள் பின் என்ஜின் டீசலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது இதற்காகத்தான். ஐரோப்பாவில் நிலைமையே வேறு. அங்கே பெரும்பாலான கேரவன்கள் ஃபியட் டுகாட்டோவின் மேல் கட்டப்படுகின்றன. என்ஜினும் முன்னால், இழுக்கும் சக்கரமும் முன்னால் என்பதால் தரை தாழ்வாக அமைகிறது. அந்த அடித்தளம் நம் ஊரில் விற்பனையில் இல்லை.

நம் சந்தையில் பின் என்ஜின் டீசல் என்றால் பெரும்பாலும் பதினாறு டன் அளவிலான பெரிய கோச்தான். நாலு பேருக்கு அது ரொம்பப் பெரிது. மணப்பாட்டுத் தெருவில் திருப்ப முடியாது. ரேடியேட்டரும் பின்பக்கத்தில் இருப்பதால் சக்கரம் கிளப்புகிற புழுதி முழுவதும் அதில்தான் போய் அடையும். அதைவிட முக்கியம், வேம்பாருக்கும் சாயல்குடிக்கும் நடுவில் ராத்திரி நின்றுவிட்டால் அந்த என்ஜினைத் தொட ஆள் கிடைக்காது. டாடா, லேலண்டு முன் என்ஜின் வண்டி என்றால் கதையே வேறு. அரசு பஸ்ஸும் மினி பஸ்ஸும் உப்பு லாரியும் ஓடுகிற ஊர்களில் அந்த வண்டிகளின் கிளட்ச் தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் மெக்கானிக் டீக்கடை பக்கத்திலேயே இருப்பார்.

முன் என்ஜினில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியவை

டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் பானெட்டின் மேல் உட்கார்ந்து போயிருப்பீர்கள். சூடு எப்படி ஏறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே பானெட் உங்கள் கேரவனிலும் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதனால் மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, வெளிநாட்டு வீடியோக்களில் முன் சீட்டைப் பின்பக்கம் திருப்பி, ஹால் சோபாவாக்கிக்கொள்கிறார்களே, அது இங்கே நடக்காது. டிரைவர் கேபினைத் தனியாகவும், குடியிருக்கும் பகுதியைத் தனியாகவும் திட்டமிடுங்கள். நடுவில் ஒரு தடுப்பும் கதவும் வைத்தால் ஏசியும் மிச்சம், சத்தமும் குறையும்.

இரண்டாவது, பானெட் மூடியின் உட்புறத்தில் சூட்டையும் சத்தத்தையும் தடுக்கும் அடுக்கு கனமாக இருக்க வேண்டும். மூடியின் விளிம்பு முழுக்க ரப்பர் பீடிங் இருக்க வேண்டும். பாடி பில்டர்கள் கைவைத்து மிச்சம் பிடிக்கும் இடம் இது. எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வண்டியின் நடுக்கோட்டில் பின் ஆக்சில் வரை ஓடுகிறது. ஆகவே தண்ணீர் டேங்க்கை ஒன்றாக வைக்க முடியாது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்து, ஒரே குழாயில் இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் எடை சமமாக நிற்க அதுவே வழி.

இதற்கெல்லாம் ஈடாக உங்களுக்குக் கிடைப்பது அமைதியான பின்பக்கம். படுக்கையறையைக் கடைசியில் வைத்தால், ஓடும்போதுகூட ஒருவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

லாரி சேசிஸா, பஸ் சேசிஸா?

விலை குறைவு என்று சிலர் லாரி சேசிஸில் கேரவன் கட்டுகிறார்கள். செய்யாதீர்கள். லாரியின் ஸ்பிரிங் பட்டை மூட்டைக்காக அடுக்கப்பட்டது. உள்ளே இருக்கும் தட்டு, டம்ளர் எல்லாம் ஆடும். பஸ் சேசிஸில் பட்டை நீளமாக, மிருதுவாக இருக்கும், சட்டமும் தாழ்வு. பாராபோலிக் பட்டையும், முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பாரும் உண்டா என்று கேளுங்கள். கோவில்பட்டி தாண்டிக் கயத்தாறு காற்றாலைகள் பக்கம் ஆடி மாதத்தில் ஓட்டிப் பாருங்கள், அந்த பாரின் அருமை தெரியும். கூரையில் ஏசி, சோலார் பலகை எல்லாம் ஏற ஏற, பக்கக் காற்றுக்கு வண்டி சாயும் அளவும் கூடும்.

மாடல் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டாடாவின் எண்களுக்கு ஒரு கணக்கு உண்டு. முன்பாதி மொத்த எடை, டன்னில். பின்பாதியைப் பத்தால் பெருக்கினால் கிட்டத்தட்டக் குதிரைத்திறன். 712 என்றால் ஏழு டன், சுமார் 120 குதிரை. 1512 என்றால் பதினைந்து டன். குதிரை அதே 120 தான். அதாவது ஒரு டன்னுக்குச் சின்ன வண்டியில் 17 குதிரை, பெரிய வண்டியில் 8 குதிரை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது இந்த வித்தியாசம் தெரியும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இருக்க எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள சேசிஸாகக் கேளுங்கள்.

எடைக் கணக்கு

ஷோரூமில் குதிரைத்திறனையும் மைலேஜையும் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று எண்கள்: மொத்த எடை, முன் ஆக்சில் வரம்பு, பின் ஆக்சில் வரம்பு. பிறகு வீட்டில் உட்கார்ந்து இப்படி ஒரு கணக்குப் போடுங்கள். எண்களை உதாரணத்துக்குத்தான் எடுத்திருக்கிறேன். உங்கள் பில்டரிடம் வாங்கி நிஜ எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மொத்த எடை 7,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெறும் சேசிஸ் 2,500. கூடு 1,700. அலமாரி, கட்டில், சமையல் மேடை, கழிப்பறை 800. ஏசி, பேட்டரி, சோலார் 350. தண்ணீர் 300 லிட்டர் என்றால் 300 கிலோ. டீசல் நூறு லிட்டர், சுமார் 85 கிலோ. நாலு பேர் 280. சாமான், சிலிண்டர், பாத்திரம் 250. கூட்டினால் 6,265. கையில் மிச்சம் 935 கிலோ. நல்ல நிலைமைதான்.

இப்போது யாராவது, ‘தண்ணீர் ஆயிரம் லிட்டர் இருக்கட்டும், ஒரு ஜெனரேட்டரும் வைத்துவிடலாம்’ என்று சொல்வார். தண்ணீருக்கு 700, ஜெனரேட்டருக்கு 150. மொத்தம் 7,115. மிச்சம் 85 கிலோ. மருமகனின் நண்பர் ஒருவர் கூட ஏறினால் முடிந்தது. வண்டி எப்போதும் வரம்பைத் தொட்டுக்கொண்டு ஓடினால் டயரும் பட்டையும் பிரேக் லைனிங்கும் சீக்கிரம் தேயும்.

அடுத்தது ஓவர்ஹேங். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. வீல்பேஸ் 4,200 மி.மீ. என்றால் 2,520 மி.மீ. வரை போகலாம். விதி இடம் கொடுக்கிறதே என்று அந்த மூலையில் கனத்தை ஏற்றாதீர்கள். பின் ஆக்சிலுக்கு இரண்டு மீட்டர் பின்னால் 400 கிலோ வைத்தால், பூங்காவில் இருக்கும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி, முன் ஆக்சிலிலிருந்து 190 கிலோ மேலே தூக்கப்படும். பின் ஆக்சிலில் 590 கிலோ உட்காரும். வைத்தது 400, பின் ஆக்சில் சுமப்பது 590. முன்பக்கம் லேசானால் ஸ்டியரிங் பிடிமானம் குறையும். முன் என்ஜின் சேசிஸில் என்ஜினின் கனம் முன் ஆக்சிலைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதை வைத்தே பின்னால் எதையும் ஏற்றலாம் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. தண்ணீர், பேட்டரி, சமையல் மேடை இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கட்டும். கடைசியில் கட்டிலும் துணி அலமாரியும் போதும்.

கட்டி முடித்ததும் எடை போட்டுப் பாருங்கள்; உங்கள் ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. துறைமுகச் சாலையில் கண்டெய்னரும் உப்பும் நிறுக்கும் மேடை ஒன்றுக்குப் போங்கள். டேங்க் நிறைய தண்ணீரோடு, நாலு பேரும் ஏறிக்கொண்டு, முதலில் முன் சக்கரம் மட்டும் மேடையில், ஒரு சீட்டு. பிறகு முழு வண்டி, ஒரு சீட்டு. கழித்தால் பின் ஆக்சில் எடை வந்துவிடும். பில்டருக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

உப்புக்காற்று

முத்தையாபுரம் பக்கமோ ஆறுமுகநேரி பக்கமோ பழைய உப்பு லாரி ஒன்று நின்றால் குனிந்து பாருங்கள். சட்டத்தின் வெளிப்பக்கத்தைவிட, குறுக்குச் சட்டம் வந்து சேரும் மூலையில்தான் துரு கூடு கட்டியிருக்கும். உப்புநீர் சொட்டி அங்கே தங்கி, காய்ந்து, மறுபடி ஈரமாகிறது. அதற்கு அடுத்தது பட்டைகளின் இடுக்கு. உங்கள் வண்டி உப்பு ஏற்றாவிட்டாலும், கடற்கரையில் ராத்திரி தங்கப்போகிற வண்டி. அதே மூலைகளில்தான் அதே நோய் தொடங்கும்.

செய்ய வேண்டியது: கூட்டுக்கு ஜி.ஐ. குழாய். வெல்டிங் செய்த இடத்தில் கால்வனைசிங் எரிந்துபோகும். அங்கே துத்தநாக பெயின்ட் அடித்தார்களா என்று ஷீட் மூடும் முன் நேரில் போய்ப் பாருங்கள். அலுமினிய ஷீட்டையும் இரும்புச் சட்டத்தையும் நேராகத் தொடவிடக்கூடாது. உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துவிடும். நடுவில் சீலன்ட் டேப் வேண்டும். சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்பில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். அங்கேதான் விரிசல் தொடங்கும். அடிப்பக்கத்தில் தார் மாதிரி கனமாகப் பூசிவிட்டால் போதும் என்று சொல்வார்கள்; அது வெடித்தால் உள்ளே புகும் உப்பு வெளியே வராது. மெழுகு வகைப் பூச்சைப் பூசி வருஷா வருஷம் புதுப்பிப்பதே மேல். கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவி ஒரு பயனும் இல்லை.

மழை வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தேங்கிய நீரில் வண்டி ஓடியிருந்தால், பின் ஆக்சிலில் உள்ள கிரௌன் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். என்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

பிஎஸ்6 என்ஜினுக்குச் சும்மா நிற்பது ஆகாது

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டி எல்லாமே பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்டவை. கேரவன் வாரக்கணக்கில் நிற்கும், பிறகு திடீரென்று ஓடும். புகைக்கரி ஃபில்டர் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள என்ஜின் நன்றாகச் சூடேறி ஓட வேண்டும். ஏசிக்காக என்ஜினை ஐடிலில் ஓடவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஏசிக்கு பேட்டரியும் கரண்டு இணைப்பும் வையுங்கள். நிற்கும் வாரங்களில் ஒருமுறை நாற்கரச் சாலையில் திருநெல்வேலி வரை ஓட்டிவிட்டு வாருங்கள். டீசல் டேங்க் நிறைந்து நிற்கட்டும். காலி இடத்தில் ஈரம் படியும். புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டெஃப் திரவத்தை வெயிலில் சேமித்து வைக்காதீர்கள், தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

கையில் நாலு தாள் இருக்க வேண்டும். ஒன்று, சேசிஸ் கம்பெனியின் விவரத்தாள். மூன்று எடைகளும் வீல்பேஸும் அதில் இருக்கட்டும். இரண்டு, பாடி பில்டரின் ஏஐஎஸ்-124 ஒப்புதல் நகல். அதில் எழுதியிருக்கும் சேசிஸ் மாடலும் நீங்கள் வாங்கப்போவதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு மாடலுக்கு வாங்கிய ஒப்புதல் உங்களுக்கு உதவாது. மூன்று, எடைக் கணக்கு, பில்டரின் கையெழுத்தோடு. நான்கு, அதே பில்டர் கட்டிய வண்டி ஒன்றின் எடைச்சீட்டு.

கரூரில் கேட்டால் பஸ் கட்ட நூறு பேர் கிடைப்பார்கள். இரண்டாவது தாளை எடுத்து மேசையில் வைப்பவர்கள் மிகச் சிலரே. ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் அந்தத் தாள் உள்ள பில்டரைத் தேடுங்கள். அவர் எந்தெந்த சேசிஸுக்கு ஒப்புதல் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். அதிலிருந்து 7,500 கிலோவுக்குள் வரும் முன் என்ஜின் மாடலைப் பொறுக்குங்கள். அந்த மாடலைத் தொட உங்கள் பட்டறைக்காரருக்குத் தெரியுமா என்று கடைசியாக அவரிடமே கேட்டுவிட்டு, அதன் பிறகு ஷோரூம் படியேறுங்கள்.